நடுவில் ஒரு தாள்

"தேனீப் பெட்டியைச் சுத்தமா வச்சுக்கிடணும்னா என்ன செய்யணும்?"

ரத்தினபாய் கேட்டாள்.

பிரிஸ்கா திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே குந்தியிருந்து, ஒரு பெட்டியின் காலடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எறும்பு ஏறாமலிருக்க அந்தத் தண்ணீர்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொறந்து பாக்குதிய?"

"ரெண்டு தடவை. மனசு கேக்கலேன்னா மூணு."

"உங்க வீட்டுக் கூரையைத் தெனமும் மூணு தடவை ஒருத்தி பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா, நீங்க எத்தனை நாளு அந்த வீட்டுல இருப்பிய?"

ரத்தினபாய் பையைத் தரையில் இறக்கி வைத்தாள். முக்கால் மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி வந்திருந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து மலைக்குப் போகிற வழியில், தேனீ வளர்க்கிற பிரிஸ்கா என்றால் கடைக்காரர்கள்கூட வழி சொல்வார்கள். வாய் கொஞ்சம் கடுமை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"நான் தெரியாமக் கேக்கேன் டீச்சர்."

"டீச்சரு பள்ளிக்கூடத்துல இருக்கா. எனக்க பேரு பிரிஸ்கா."

பிரிஸ்காவுக்கு முப்பத்தொரு வயது. ரத்தினபாய்க்கு நாற்பத்தாறு. கூப்பிடும் முறையை இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்துகொண்டார்கள். ஒருத்தி அக்கா என்றாள், மற்றவள் பிள்ளையைக் கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி மக்களே என்றாள்.

"பெட்டி உங்களுக்குள்ளதா அக்கா?"

"இல்ல மக்களே. எனக்க வீட்டுக்காரருக்க மொத சம்சாரம் வச்சது. ஸ்டெல்லா. காய்ச்சல்ல போயி மூணு வருஷம் ஆச்சு. நான் அந்த வீட்டுக்கு வந்து பத்து மாசம்."

"பிள்ளைங்க?"

"ஸ்டெல்லாவுக்கு ஒரு பொண்ணு. ஆன்சி. ஒம்பதாங் கிளாஸ்."

"அவ என்ன சொல்லுதா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா."

இது மிகைப்படுத்திச் சொன்னது இல்லை.

பத்து மாதத்தில் ஆன்சி அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிர்த்துப் பேசியதும் இல்லை, கதவை அறைந்து சாத்தியதும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, அடுக்களையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள்.

பால் தீர்ந்தது.

நாளை ஸ்பெஷல் கிளாஸ். ஐந்து மணிக்கு வருவேன்.

யூனிபார்ம் பட்டன் ஒன்று போய்விட்டது.

மேலே பெயர் இருக்காது. கீழே கையெழுத்து இருக்காது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரத்தினபாய் உட்கார்ந்து சந்தோஷமாக அழுதிருப்பாள். அதற்கும் வழியில்லை. அந்தத் தாள்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, துணி அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். தன்னை யாராவது பைத்தியம் என்று சொல்லிவிடக்கூடாதே என்று பயம்.

வின்சென்ட் நல்ல மனிதர். லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இருக்கும்போது இந்தப் பேச்சு எழுந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சந்திப்புக்குப் போய்விடுவார்.

"அந்தப் பொண்ணு யாருகிட்டயும் பேசாதா?" என்று பிரிஸ்கா கேட்டாள்.

"பேசுவா. பெட்டிகிட்ட."

பிரிஸ்கா குவளையைக் கீழே வைத்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிபார்மோட போயி அந்தப் பெட்டி முன்னால இருப்பா. அன்னிக்கு நடந்தது எல்லாத்தையும் சொல்லுவா. யாரு அடிச்சா, எந்தப் பரீட்சைல எவ்வளவு மார்க்கு, ஒக்க அங்கதான். நான் அடுக்களை ஜன்னல் வழியா கேட்டுட்டு நிப்பேன். அம்மைகிட்ட பேசுத மாதிரி மக்களே."

"சரி."

"இப்ப அந்தப் பெட்டில ஈ கொறஞ்சுக்கிட்டே வருது. அது செத்துப்போச்சுன்னா, அந்தப் பொண்ணுக்குப் பேசுததுக்கு இந்த லோகத்துல வேற எடம் இல்ல."

சொல்லிவிட்டு ரத்தினபாய் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

பிரிஸ்கா எழுந்து போய், ஒரு மர முக்காலியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதை எதுக்கு?"

"இருக்கதுக்கு. ஒரு வாரம் பெட்டியைத் தொறக்கண்டாம். வாசலுக்கு நேரா இல்லாம, பக்கவாட்டுல போட்டு இரிங்க. வாறது போறதைப் பாருங்க."

"பாத்து?"

"பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பஸ்ஸில் கண்டக்டர் முக்காலியைப் பார்த்து, "சீட்டு கிடைக்காதுன்னு கையோட கொண்டு வந்துட்டியளா?" என்று கேட்டான். ரத்தினபாய் சிரிக்கவில்லை. அதைக் குழந்தையை வைப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

*

ஒரு வாரம் கழித்து வந்தாள்.

"என்ன பாத்திய?"

"ஈ போவுது. வருது."

"வேற?"

"இங்க உனக்க ஈக்குக் கால்ல மஞ்சளா என்னவோ ஒட்டியிருக்கு. அங்க எங்க ஈக்கு அது இல்ல. வெறுங்காலோட வருது."

பிரிஸ்காவின் முகம் மாறியது. இவளுக்குக் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கூடவே வேறொன்றும் நினைத்தாள், அதைச் சொல்லவில்லை.

"அது பூவிலேருந்து கொண்டு வாற பொடி. குஞ்சுகளுக்குச் சாப்பாடு."

"எங்க ஈ ஏன் கொண்டு வரல?"

"வீட்டுல பிள்ளை இல்லேன்னா யாரு பால் வாங்குவா?"

பிரிஸ்கா அவளை ஒரு பெட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"காதை வையுங்க."

ரத்தினபாய் பலகையில் காதை வைத்தாள். பிரிஸ்கா விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே ஸ்ஸ் என்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கியது.

"கேட்டுதா?"

"கேட்டுது. சீக்கிரமே நின்னுட்டு."

"வீட்டுல போயி இதைச் செய்யுங்க."

அன்று மதியமே ரத்தினபாய் மறுபடி வந்து நின்றாள். வேர்த்து விறுவிறுத்திருந்தாள். சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

"நிக்கல மக்களே. தட்டினேன். ஊஊன்னு ஒரு சத்தம். நிக்கவே இல்ல. கையை எடுத்த பொறவும் அழுதுகிட்டே கெடக்கு."

பிரிஸ்கா தன் பெட்டி ஒன்றைத் திறந்தாள். கொஞ்சம் புகை காட்டினாள். நடுச் சட்டத்தை மெல்ல மேலே தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதிலிருந்த தேனடை முழுவதும் ஈக்கள். அவற்றின் நடுவில் ஒன்று மட்டும் நீளமாக, தவிட்டு நிறத்தில், அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்தவை அதன் பக்கம் முகம் வைத்து வழிவிட்டன.

"இதுதான் ராணி. வீட்டுக்கு ஒண்ணுதான். முட்டை போடுதது இவ மட்டும்தான்."

ரத்தினபாய் அதைப் பார்த்தாள். பிறகு ஈரச் சருகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதை நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"வாளியில."

*

கல்யாணத்துக்கு முன் ரத்தினபாய் இருபத்திரண்டு வருடம் கன்னியாஸ்திரி மடத்தில் துணி வெளுத்தவள். வெள்ளை அங்கி, வெள்ளை விரிப்பு, வெள்ளைத் திரை. கறை என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே கரி பிடித்த பாத்திரங்களின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓரத்து அடைகள் வெள்ளையாக இருந்தன. நடுவில் நாலு அடை கறுத்துப் போய்க் கிடந்தது.

"அழுக்குன்னு நெனைச்சேன் மக்களே. அந்த அழுக்காலதான் ஈ சாவுதுன்னு நெனைச்சேன். கறுத்தது ஒக்கத்தையும் அறுத்து, ஈயைத் தட்டிவிட்டுட்டு, வாளியில வெந்நீரை ஊத்தி உள்ள போட்டேன். மெழுகு உருகி மேல வந்துது. அதோட ஒண்ணு நீளமா மெதந்துது. ஈ இல்ல, வேற ஏதோ பூச்சின்னு எடுத்து ஓரமாப் போட்டேன்."

"எப்போ?"

"உங்கிட்ட மொதமொதல்ல வந்தேன்லா, அதுக்கு நாலு நாளு முன்னால."

பிரிஸ்கா சட்டத்தை உள்ளே இறக்கினாள். ஒரு ஈகூட நசுங்காமல் இறக்க நேரம் பிடித்தது. அவள் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். ரத்தினபாய் அழுது முடிக்கும்வரை மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"கறுப்பு அழுக்கில்ல அக்கா. ஒரு குழிக்குள்ள ஒரு குஞ்சு வளந்து வெளிய போனா, அந்தக் குழி கொஞ்சம் கறுக்கும். பின்ன இன்னொண்ணு வளரும், இன்னும் கறுக்கும். நெறைய பிள்ளை வளந்த எடம் அப்படித்தான் இருக்கும்."

"நான் ஸ்டெல்லாவுக்க பெட்டியை வெந்நீர்ல போட்டுட்டேனே."

"ஆமா."

"இனி அதுகளா ஒரு ராணியை வளக்காதா?"

"முட்டை இருந்தா வளக்கும். அதுவும் வாளியில போச்சு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"இருக்கது எல்லாம் கெழடு. ரெண்டு மூணு வாரம்."

ரத்தினபாய் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட எத்தனையோ ராணி உண்டு. எனக்கு ஒண்ணு தா. கொண்டுபோயி உள்ள விட்டிருதேன்."

"தாறேன். அஞ்சு நிமிஷத்துல கொன்னு வெளிய தள்ளிரும்."

"அதுகளுக்கு ராணி வேணும்லா?"

"வேணும்."

"வேணும்னுதானே அப்படி அழுவுது? பின்ன ஏன் கொல்லும்?"

"வாசனை வேறல்லா. வேண்டப்பட்டவ எவளோ ஒருத்தி. வந்து நிக்கவ வேற எவளோ ஒருத்தி."

ரத்தினபாய் கையை விட்டாள்.

மேலே ரப்பர் இலைகளில் தேங்கிய மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப வழியே இல்லியா?" என்று கடைசியில் ரத்தினபாய் கேட்டாள்.

"உண்டு. ராணி இருக்க சின்னப் பெட்டி ஒண்ணைக் கீழ வைக்கணும். அதுக்க மேல உங்க பெட்டியை வைக்கணும். நடுவுல ஒரு பேப்பரு."

"என்ன பேப்பரு?"

"செய்தி வருமே, அந்தப் பேப்பரு. ஒரே ஒரு தாளு. குண்டூசியால பத்துப் பன்னெண்டு ஓட்டை போட்டா போதும். இந்தப் பக்கத்து வாசனை அந்தப் பக்கம் போவும். அந்தப் பக்கத்து வாசனை இந்தப் பக்கம் வரும்."

"பேப்பரை எப்போ எடுக்கணும்?"

"எடுக்கண்டாம். அதுகளே கடிச்சு எடுக்கும்."

"எந்தப் பக்கத்து ஈ கடிக்கும்?"

"ரெண்டு பக்கமும்."

ரத்தினபாய்க்குத் தெம்பு வந்துவிட்டது. திட்டம் போட ஆரம்பித்தாள்.

"அப்ப நாளைக்கே வா மக்களே. ஆன்சி பள்ளிக்கூடம் போன பொறவு வந்தா, அவ வாறதுக்குள்ள வச்சிரலாம். அவளுக்கு ஒண்ணும் தெரியண்டாம். ஈயைப் பாத்தா எது பழசு எது புதுசுன்னு யாருக்குத் தெரியும்?"

"பெட்டி யாருக்குள்ளது?"

"ஸ்டெல்லாவுக்குள்ளது."

"ஸ்டெல்லா இல்ல."

"ஆன்சிக்குள்ளது."

"அப்ப பேப்பரை அவ வைக்கட்டும்."

"அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

பிரிஸ்கா குவளையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டியின் கிண்ணத்துக்குப் போய்விட்டாள்.

"வாளியைச் சொல்லுங்க," என்றாள் அங்கிருந்து.

*

அன்று சாயங்காலம் ஆன்சி பெட்டி முன்னால் உட்கார்ந்து கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் முக்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆன்சி பேச்சை நிறுத்தினாள்.

ரத்தினபாய் பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"உங்க அம்மைக்க ராணியை நான்தான் கொன்னேன்."

ஆன்சி பெட்டி வாசலையே பார்த்தாள்.

"அழுக்குன்னு நெனைச்சு அடையை அறுத்து வெந்நீர்ல போட்டேன். அதுல ராணி இருந்துது. தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான். உனக்குத் தெரியாம மாத்தி வச்சிரலாம்னுகூட நெனைச்சேன். அதையும் சொல்லிருதேன்."

ஆன்சி அவளைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ரத்தினபாய்க்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிள்ளையின் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். பிரிஸ்காவைப் பற்றி, கீழே வைக்கும் பெட்டியைப் பற்றி, நடுவில் வைக்கும் தாளைப் பற்றி.

"நீ வச்சாத்தான் அவ வருவாளாம்."

ஆன்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் உப்பு ஜாடிக்கு அடியில் தாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆன்சி பெட்டி முன்னாலும் வந்து உட்காரவில்லை. ரத்தினபாய் சோறு வைத்தாள், ஆன்சி சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், போனாள். ரத்தினபாய் துணி அலமாரியைத் திறந்து டப்பாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்றே நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது.

எந்தப் பேப்பர்? தினசரியா, வாரப் பத்திரிகையா?

இதுவரை வந்த தாள்களில் ஒரு கேள்விகூட வந்ததில்லை. ரத்தினபாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்றாள்.

"தினசரி போதும் மக்களே. வாரப் பத்திரிகை வழவழன்னு இருக்கும். அதுகளுக்குக் கடிக்கப் பல்லு எறங்காது."

கொஞ்ச நேரத்தில் உள்ளே பேப்பர் கிழிக்கும் சத்தம் கேட்டது.

*

ரத்தினபாய் போய்ச் சொன்ன மறுநாள், ஈக்கள் கூட்டுக்குத் திரும்புகிற பொழுதில் பிரிஸ்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் சின்னப் பெட்டி, வாசலில் பஞ்சு அடைத்திருந்தது. ஆட்டோக்காரன் அவளை இறக்கிவிட்டதும் நின்று பேசாமல் ஓட்டிக்கொண்டு போனான்.

ஆன்சி ஒரு தாளும் குண்டூசியும் வைத்துக்கொண்டு நின்றாள். பிரிஸ்காவிடம் சாதாரணமாகப் பேசினாள். ஊரில் எல்லோரிடமும் அவள் சாதாரணமாகத்தான் பேசுவாள்.

"ஓட்டையைப் பெருசாப் போட்டா சீக்கிரம் சேருமா அக்கா?"

"சீக்கிரம் சண்டை போடும்."

"ரொம்பச் சின்னதாப் போட்டா?"

"ஒண்ணை ஒண்ணு தெரியாமலே போயிரும்."

ஆன்சி தாளை மடியில் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டாள். பன்னிரண்டு. ரத்தினபாய் பழைய பெட்டியை அதன் அடிப்பலகையை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அந்த அழுகைச் சத்தம் அவள் கைக்குத் தெரிந்தது. பிரிஸ்கா கீழே சின்னப் பெட்டியை வைத்து மூடியை எடுத்தாள். ஆன்சி அதன்மேல் தாளை விரித்து நான்கு மூலையும் நீவிவிட்டாள்.

"இப்ப வையுங்க," என்றாள் பிரிஸ்கா.

ரத்தினபாய் பெட்டியை வைத்தாள். ஒரு மூலை இடம் விலகியபோது ஆன்சி கை கொடுத்துச் சரிசெய்தாள்.

பிரிஸ்கா வாசல் பஞ்சை எடுத்தாள்.

"இதுக பழைய எடத்துக்குத் திரும்பிப் போயிராதா அக்கா?" என்று ஆன்சி கேட்டாள்.

"அவ்வளவு தூரத்துக்கு வழி தெரியாது. இனி இதுதான் வீடு."

கிளம்பும்போது பிரிஸ்கா ரத்தினபாயிடம் தனியாக ஒன்று சொன்னாள்.

"நாலு நாளு. மூடியைத் தொடண்டாம். பேப்பரை இழுத்துப் பாக்கண்டாம். உங்க கையை எனக்குத் தெரியும்."

*

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ரத்தினபாய்க்குக் கை துறுதுறுவென்று வந்தது. வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கினாள். அது முடிந்ததும் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள்.

இரண்டாம் நாள் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ பிறாண்டுகிற சத்தம். நிமிர்ந்தால், பெட்டிக்கு அந்தப் பக்கம் ஆன்சியும் காதை வைத்திருந்தாள். ஆன்சி பள்ளிக்குப் போனாள், ரத்தினபாய் அடுக்களைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் பெட்டி வாசலில் நுணுக்கு நுணுக்காகக் காகிதத் துகள் விழுந்து கிடந்தது. பலகை முழுவதும், கீழே தரை முழுவதும். ஒரு ஈ தன்னைவிடப் பெரிய துணுக்கு ஒன்றை வாசலுக்கு இழுத்துவந்து வெளியே தள்ளியது.

குப்பையைப் பார்த்ததும் ரத்தினபாயின் கால் தானாக உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்துவிட்டது.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அந்தத் துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு நிமிடம் பொல்லாத போராட்டம்தான்.

பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் ஆன்சி நின்றுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஆன்சி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே பெட்டிக்குப் போனாள். காதை வைத்தாள். விரல் முட்டியால் தட்டினாள்.

ஸ்ஸ்.

அடங்கிவிட்டது.

இன்னொரு தடவை தட்டினாள். மறுபடியும் ஸ்ஸ் என்று எழுந்து அடங்கியது. வெளியேயிருந்து வந்த ஈ ஒன்று அவள் கண்ணெதிரே பலகையில் இறங்கியது. இரண்டு காலிலும் மஞ்சள்.

ஆன்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுக்களை ஜன்னலில் ரத்தினபாய் அழுதாள். அந்த நேரத்தில் அவள் சாளை மீன் குழம்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

*

மறுநாள் பிரிஸ்கா கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ரத்தினபாய் ஓடிவந்தாள். ஓடுகிற வயது இல்லை. மூச்சு இரைத்தது.

"தட்டிப் பாத்தியளா?" என்றாள் பிரிஸ்கா.

"அவ தட்டினா. நின்னுட்டு. பொடியும் வருது."

"கொள்ளாம், நல்லது."

"அதுக்கில்ல மக்களே. அவ பேசிட்டா."

"பெட்டிகிட்டயா?"

"எங்கிட்ட! நேத்து ராத்திரி சோத்துக்கு இருக்கும்போ. என்னைப் பாத்து."

"என்ன சொன்னா?"

"சாளைக் கொழம்புல உப்பு கூடிப்போச்சாம்."

சொல்லிவிட்டு ரத்தினபாய் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"பத்து மாசம் மக்களே. பத்து மாசம் இதுக்காக எதெல்லாமோ செஞ்சு பாத்தேன். இப்ப எனக்குப் பயமா இருக்கு. நான்தான் எதையாவது தொட்டுக் கெடுத்துருவேனே, உனக்குத் தெரியும்லா. இனி நான் என்ன செய்யணும்? நீ சொல்லு, அப்படியே செய்யுதேன்."

பிரிஸ்கா கிண்ணம் நிறையும்வரை தண்ணீர் ஊற்றினாள்.

"உப்பைக் கொறச்சுப் போடுங்க."